முகம் மட்டும் போதாது

போன ஆவணியில் ஒரு கல்லூரி மாணவி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பழனி மலைப் புல்வெளியில் எடுத்தது. கறுத்த பின்னணியில் ஒற்றை வெள்ளைப் பூ, படம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு நின்றது. இதழில் ஓடிய நரம்பு தெரிந்தது. விளிம்பில் தொங்கிய பனித்துளிக்குள் வானம்கூடத் தெரிந்தது. "இது என்ன ஆர்க்கிட், சார்?" என்று கீழே கேட்டிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அரைமணி நேரம் பார்த்தேன். ஹேபனேரியாவா, பெரிஸ்டைலஸா என்றுகூட அறுதியிட முடியவில்லை. பூவின் பின்னால் தொங்கியிருக்க வேண்டிய தேன்குழாய் படத்தில் இல்லை. இலை இல்லை. தண்டில் இந்தப் பூவோடு வேறு எத்தனை பூக்கள் இருந்தன என்று தெரியவில்லை. நடுவில் தூண் இருக்கிற இடம் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வெளுத்து, வெறும் வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. அழகில் அந்தப் படத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பெயர் சொல்லத் தேவையான எதுவும் அதில் இல்லை.

இப்படிப்பட்ட படங்கள் எனக்கு மாதத்துக்கு நாலைந்தாவது வருகின்றன. கேமரா எல்லார் கைக்கும் வந்துவிட்டது. மேக்ரோ லென்ஸ் வாங்க முடியாதவர்கள் போனிலேயே பூவை ஒட்டிப் பிடித்து எடுக்கிறார்கள். காட்டு ஆர்க்கிட்டை இத்தனை பேர் குனிந்து பார்க்கிற காலம் இதற்கு முன் இருந்ததில்லை. அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அதனால்தான் இந்தக் கேள்வியை முழுதாக எடுத்துப் பார்க்க நினைக்கிறேன்: நெருக்கப் படத்தை வைத்துக் காட்டு ஆர்க்கிட்டுக்குப் பெயர் சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும் என்பதே என் பதில். ஆனால் நாம் இப்போது எடுக்கும் முறையில் எடுத்தால் முடியாது. நாம் பூவின் முகத்தை எடுக்கிறோம். ஆர்க்கிட்டின் அடையாளமோ பெரும்பாலும் அதன் பக்கவாட்டிலும் முதுகிலும் நடுத்தூணிலும் இலையிலும் இருக்கிறது.

உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 2019-இல் வெளியிட்ட படக் கையேடு, நம் நாட்டில் 155 பேரினங்களில் 1,256 இனங்களைக் கணக்குக் காட்டியது. அவற்றில் 388 இனங்கள் இந்தியாவுக்கு வெளியே எங்கும் இல்லாதவை. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 128 இனங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கின்றன. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, அகத்தியமலை என்று நாம் பஸ் பிடித்துப் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் செல்வம் இது. கொல்லிமலையும் சேர்வராயனும் தனியே தங்கள் பங்குக்கு வைத்திருக்கின்றன. ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டமே இருக்கிறது.

இத்தனை இனங்களும் ஒரே அமைப்பைத்தான் வெவ்வேறு விதமாக வளைத்திருக்கின்றன. வெளிவட்டத்தில் மூன்று புல்லிதழ். உள்வட்டத்தில் மூன்று அல்லிதழ். அந்த மூன்றில் ஒன்று மட்டும் உருமாறி உதடாகிவிடும்: மடல் விரித்து, முடி முளைத்து, மேடு கட்டி, பல இனங்களில் பின்பக்கம் ஒரு தேன்குழாயாகவும் நீண்டுவிடும். மற்றப் பூக்களில் தனித்தனியாக நிற்கும் மகரந்தத்தாளும் சூல்தண்டும் இங்கே ஒன்றோடொன்று கூடி ஒற்றைத் தூணாக நிற்கும். மகரந்தம் தூளாக உதிராது. திரள் திரளாக உருண்டு, தூணின் உச்சியில் ஒரு சின்னத் தொப்பிக்குள் ஒளிந்திருக்கும். போதாததற்கு, பெரும்பாலான ஆர்க்கிட்டுகள் மொட்டாக இருக்கும்போதே 180 பாகை முறுக்கிக்கொள்கின்றன. மேலே இருக்க வேண்டிய உதடு கீழே வந்து பூச்சிக்கு இறங்குதளம் ஆவது அப்படித்தான்.

பூச்சி முன்பக்கமாக வருகிறது. ஆகவே பூ தன் வண்ணத்தையெல்லாம் முன்பக்கம் காட்டுகிறது. நாமும் பூச்சியைப் போலவே முன்பக்கமாகப் போய் அந்த வண்ணத்தில் சொக்கி நின்றுவிடுகிறோம். தாவரவியலார் அளக்கும் இடங்கள் வேறு. உதட்டுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள கோணம், தேன்குழாய் சூலகத்தைவிட நீளமா குட்டையா, தூணுக்குக் கீழே ஒரு பாதம் நீள்கிறதா என்பவையெல்லாம் ஆழம் சம்பந்தப்பட்டவை. நேர்முகப் படம் அழித்துவிடுவது ஆழத்தைத்தான்.

முகத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடக்கூடிய ஆர்க்கிட்டுகளும் உண்டு. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாஃபியோபெடிலம் ட்ரூரி அப்படி ஒன்று. மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு, பை போன்ற உதடு. தென்னிந்தியாவில் இந்தப் பேரினத்தில் வேறு இனமே இல்லை; குழம்ப இடமில்லை. 1865-இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்த இந்தச் செடியைச் சேகரிப்பாளர்கள் பிடுங்கிப் பிடுங்கிக் காட்டில் அருகச் செய்துவிட்டார்கள் என்பது அதே அழகின் மறுபக்கம். சமவெளி மாமரங்களில் வேரைக் கயிறு கயிறாகத் தொங்கவிட்டு வளரும் வாண்டா டெசலேட்டாவும் கட்டம் போட்ட இதழ்களால் தன்னைச் சொல்லிவிடும். ஆனால் அங்கேயே ஒரு பாடமும் உண்டு. அதன் இதழ் ஒரு மரத்தில் பசுமஞ்சளாக இருக்கும், அடுத்த தோப்பில் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். உதடு நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையில் எங்கேயும் நிற்கும். நிறத்தை வைத்துப் பெயர் சொல்லப் பழகியவர் இரண்டாவது தோப்பிலேயே தடுமாறிவிடுவார்.

நிறத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். படத்தில் மிக எளிதாகக் கண்ணில் படுவது நிறம், மிகக் குறைவாக நம்ப வேண்டியதும் அதுதான். ஊதாவையும் கருஞ்சிவப்பையும் கேமரா தன் விருப்பத்துக்கு மாற்றும். போன் செயலிகள் கேட்காமலேயே நிறத்தைத் தூக்கிவிடும். செடிகூட மாற்றும். கலாந்தே ட்ரிப்ளிகேட்டாவின் தூய வெள்ளைப் பூவை விரலால் கசக்கினால் அந்த இடம் கருநீலமாகிவிடும்; வாடும்போதும் அப்படித்தான். பழுதான பூவின் படத்தைப் பார்த்து, நீலத் தீற்றலுள்ள புதிய வகை என்று ஒருவர் மகிழ்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். நீலகிரிப் புல்வெளியில் மழைக்காலத்தில் பூக்கும் சத்திரியம் நேபாலென்ஸும் வெளிர் ரோஜாவிலிருந்து அழுத்தமான ரோஜா வரை போகும். அதை நிச்சயமாகச் சொல்ல வைப்பது நிறமே அல்ல. அந்தப் பூ மற்ற ஆர்க்கிட்டுகளைப் போல முறுக்கிக்கொள்ளாமல் உதட்டை மேலேயே வைத்திருக்கும். அந்த உதடு ஒரு முக்காடு போலக் கவிந்து, பின்பக்கம் இரண்டு தேன்குழாய்களைத் தொங்கவிடும். இரண்டு. ஆனால் முன்னால் நின்று எடுத்த படத்தில் அந்த இரட்டை வால் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

தேன்குழாயை வைத்தே தீர்ந்துபோகிற வழக்குகள் ஏராளம். ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவும் ஏரிடஸ் இனங்களும் ரோஜாப் பூக்களைச் சரமாகத் தொங்கவிடுபவை; தூரத்திலிருந்து பார்த்தால் அக்கா தங்கை போலிருக்கும். அசாமில் பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் சூடும் கொபௌ பூ முதலாவது. ஒரே ஒரு பூவைப் பக்கவாட்டில் பாருங்கள்: ரிங்கோஸ்டைலிஸின் பை பின்னோக்கி இருக்கும், ஏரிடஸின் கொம்பு முன்னோக்கி வளைந்து நிமிர்ந்திருக்கும். ஹேபனேரியா கூட்டத்தில் இது இன்னும் முக்கியம். லாங்கிகார்னிகுலேட்டா என்ற இனத்தில் தேன்குழாய் சூலகத்தைத் தாண்டி நீளமாகத் தொங்கும். பெயரே நீண்ட கொம்பு என்பதைத்தான் சொல்கிறது. வேறு சில இனங்களில் அது சூலகத்தைவிடக் குட்டை, சிலவற்றில் நுனி மட்டும் தடித்திருக்கும். கிரினிஃபெராவில் மட்டும் முகமே பேசும். அதன் உதடு தலை, கை, கால் வைத்த சின்னப் பொம்மைபோல் பிரிந்திருக்கும். இலங்கையில் சிங்களவர்கள் அதற்கு நாரிலதா என்று பெயர் வைத்திருப்பது அதனால்தான்.

மாணவி அனுப்பிய படத்தில் நான் தேடியது தேன்குழாயை மட்டும் அல்ல, தூணையும்தான். ஹேபனேரியாவில் சூலகமுடிகள் இரண்டும் காம்பு வைத்து, முன்னால் நீட்டிய இரண்டு சின்னக் கைகளாக நிற்கும். பெரிஸ்டைலஸில் காம்பு கிடையாது. உதட்டின் அடியை ஒட்டி மெத்தைபோல் அமர்ந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விஷயம். கைலென்ஸில் பார்த்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். படத்தில் அந்த இடம் வெளுத்துவிட்டால் நாற்பது வருட அனுபவசாலிக்கும் தெரியாது.

தூண்தான் ஆர்க்கிட்டின் கையெழுத்து என்று நான் நினைக்கிறேன். லிபாரிஸும் மலாக்ஸிஸும் இரண்டும் நிழலில் வளரும், பசுமை கலந்த சின்னப் பூக்கள் உள்ள செடிகள். லிபாரிஸின் தூண் நீண்டு வளைந்திருக்கும், மலாக்ஸிஸின் தூண் குட்டைக் குமிழ். டெண்ட்ரோபியத்தில் மகரந்தத் திரள் நான்கு. அதனோடு குழம்பக்கூடிய எரியா கூட்டத்தில் எட்டு. இந்த எண்ணிக்கை எந்த முகப் படத்திலும் வராது. தொப்பியை நீக்கி, திரளை வெளியே எடுத்துத்தான் எண்ண வேண்டும். அதற்கு டார்வின் காட்டிய வழி இன்றும் போதும். 1862-இல் ஆர்க்கிட்டுகளின் மகரந்தச் சேர்க்கை பற்றி எழுதிய புத்தகத்தில் அவர் கூராகச் சீவிய பென்சிலைப் பூவின் வாயில் மெல்ல நுழைத்து இழுத்ததை விவரிக்கிறார். பென்சில் முனையில் மகரந்தத் திரள் ஒட்டிக்கொண்டு வந்தது, அரை நிமிடத்தில் முன்னால் சாய்ந்து அடுத்த பூவின் சூலகமுடிக்கு நேராக நின்றது. ஒரு பல்குச்சியும் ஒரு வெள்ளைக் காகிதமும் இருந்தால் நாமும் அதைச் செய்து படம் எடுக்கலாம். ஒரே ஒரு பூவில், அதுவும் சரத்தில் நிறையப் பூ இருந்தால் மட்டும்.

இங்கே நான் நூற்றெழுபது வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட இந்தியத் தாவரப் படத்தொகுதி ஆறு தொகுதிகள், 2,101 தட்டுகள் கொண்டது. படங்களில் பெரும்பங்கை வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். ஆர்க்கிட் தட்டுகளை எடுத்துப் பாருங்கள். செடி முழுதாக நிற்கும். ஓரத்தில் பூ பக்கவாட்டில், உதடு தனியாக விரித்து, தூண் பெரிதாக்கி, மகரந்தத் திரள் தனியே எடுத்து வைத்து வரையப்பட்டிருக்கும். கோவிந்துவின் கைத்திறனை மதித்து வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயா என்று பெயர் வைத்தார். அந்தப் பேரினம் இன்று ட்ரோபிடியாவுக்குள் அடங்கிவிட்டது. பெயர் மறுபெயராக மட்டும் பட்டியலில் நிற்கிறது. ஆனாலும் கோவிந்துவின் தட்டை வைத்து இன்றும் செடியை அடையாளம் காண முடிகிறது. நம் கையில் உள்ள அத்தனை வசதியோடும் எடுத்த க்ளோசப்பை வைத்துப் பல சமயம் முடிவதில்லை. அவருக்கு எதை வரைய வேண்டும் என்று தெரிந்திருந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துகொண்டு பாதிரியார் கே. எம். மேத்யூ தமிழக கர்நாடகப் பகுதித் தாவரங்களுக்கும் பழனி மலைத் தாவரங்களுக்கும் கோட்டோவியத் தொகுதிகளைத் தனியாகவே வெளியிட்டதும் இந்த வழியில்தான். கோட்டோவியத்தில் ஃபோகஸ் தவறுவதில்லை, வெளிச்சம் வெளுப்பதில்லை.

அதற்காகப் புகைப்படத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹெர்பேரியத் தாளில் அழுத்தி உலர்த்திய ஆர்க்கிட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தடித்த உதடு நசுங்கி, நிறம் போய், எல்லாம் ஒரே பழுப்பு. காம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூலில் 1928-இல் ஆர்க்கிட் பகுதியை எழுதிய ஃபிஷர் எவ்வளவோ செடிகளை இப்படி உலர்ந்த நிலையில்தான் பார்த்திருப்பார். உயிரோடு இருக்கும் உதட்டின் வளைவும் முடியும் மேடும் படத்தில் கிடைப்பதுபோல் தாளில் கிடைக்காது. புல்போஃபில்லம் பேரினத்தில் உதடு ஒரு கீல் வைத்த மாதிரி அசையும். ட்ரெமுலம் என்ற இனத்தில் காற்று மூச்சு விட்டால் போதும், உதட்டின் முடிகள் எல்லாம் நடுங்கும். அந்த நடுக்கம்தான் பெயர். அதற்குப் பத்து நொடி வீடியோவைவிடச் சிறந்த ஆவணம் இல்லை.

எங்கே படம் தோற்கிறது என்பதற்கு ஒபரோனியாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தேவதைகளின் அரசன் ஒபரானின் பெயரை ஜான் லிண்ட்லி இந்தப் பேரினத்துக்கு வைத்தார், அவ்வளவு சிறியது. பாசி படர்ந்த கிளையில் விசிறி மடித்ததுபோல் தட்டையான இலைகள், அதன் நடுவிலிருந்து எலிவால் போன்ற ஒரு சரம். அந்தச் சரத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள், ஒவ்வொன்றும் ஒன்று இரண்டு மில்லிமீட்டர். வால்பாறைப் பக்கம் விழுந்து கிடந்த ஒரு கிளையில் அதைக் கைலென்ஸால் பார்த்த காலை எனக்கு நினைவிருக்கிறது. வெறும் கண்ணுக்கு மஞ்சள் பொடி தூவியதுபோல் இருந்தது. லென்ஸுக்குள் ஒவ்வொரு பொடியும் ஒரு முழு ஆர்க்கிட்: பின்னால் மடிந்த புல்லிதழ், விளிம்பு கிழிந்த உதடு, நடுவே கண்ணாடி மணிபோல் தூண். சரத்தின் நுனியில் பூக்கள் வாடிவிட்டன, அடியில் இன்னும் மொட்டு. பல ஒபரோனியாக்கள் இப்படி நுனியிலிருந்து அடிநோக்கிப் பூக்கின்றன, மற்றச் செடிகளுக்கு நேர்மாறாக. அன்று நாற்பது படம் எடுத்தேன். இனம் பிரிப்பது உதட்டின் நடுமடல் எப்படிப் பிளந்திருக்கிறது, பக்கமடல் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான். என் நாற்பது படங்களில் ஒன்றில்கூட ஒரே பூவின் மூன்று மடல்களும் ஒருசேரத் தெளிவாக விழவில்லை.

இதற்குக் காரணம் எளிய ஒளியியல். பூவை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழச் செய்யும் மேக்ரோ லென்ஸில், துளையை எட்டாம் எண்ணில் வைத்தாலும், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உதட்டின் நுனி தெளிவாக இருந்தால் தூண் மங்கிவிடும். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து அடுக்கினால் இது தீரும், காற்று அசைக்காமல் இருந்தால். போன் கேமராவில் ஆழம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் வேறு ஏமாற்று உண்டு: மிக அருகில் பிடித்து எடுப்பதால் முன்னால் நீட்டியிருக்கும் உதடு பெருத்தும் பின்னால் இருக்கும் புல்லிதழ் சிறுத்தும் விழும். உதடு புல்லிதழைவிட நீளமா என்று அந்தப் படத்தில் அளப்பவர் தவறான விடைக்குத்தான் போவார். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிப் பெரிதாக்குவது நல்லது. வெள்ளைப் பூவுக்கு வெளிச்சத்தை ஒன்றரைப் படி குறைத்துக்கொண்டால் மாணவியின் படத்துக்கு நேர்ந்தது நேராது. மேகமூட்டத்தைவிட நல்ல விளக்கு கிடையாது.

பூ இல்லாத செடியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஆர்க்கிட்டின் வருடத்தில் பூ சில நாட்கள். மற்ற மாதங்களெல்லாம் இலையும் குமிழும் வேரும்தான். லூசியாவின் இலை பென்சில்போல் உருண்டிருக்கும். சீலோஜினின் போலிக்குமிழ் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். டேனியோஃபில்லத்துக்கு இலையே கிடையாது, மரப்பட்டையில் ஒட்டிய பச்சை வேர்கள்தான் மொத்தச் செடியும். ஹேபனேரியா கிராண்டிஃப்ளோரிஃபார்மிஸ் புல்வெளித் தரையோடு ஒட்டிய வட்ட இலையால் பூக்கும் முன்னரே காட்டிக்கொடுத்துவிடும். வயல் வரப்பிலும் நகரத்துப் புல்தரையிலும் மார்கழி, தை மாதங்களில் எழும்பும் ஜூக்ஸைன் ஸ்ட்ராட்யூமாட்டிகாவைப் பெரும்பாலானவர்கள் களை என்று மிதித்துக்கொண்டு போகிறார்கள். அதுவும் காட்டு ஆர்க்கிட்தான். பூவின் படத்தோடு இலை, தண்டு, அது நிற்கும் மரம் அல்லது மண் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெயர் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

எல்லாவற்றையும் சரியாக எடுத்தாலும் தீராத வழக்குகள் உண்டு. அதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டு ஆர்க்கிட்டைப் படம் எடுத்துப் பெயர் சொல்லும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது, ஆகவே அதன் எல்லையும் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஓஃப்ரிஸ் என்ற பேரினத்தின் உதடு பெண் தேனீயைப் போல, வண்டைப் போல வேடம் போட்டு ஆண் பூச்சியை ஏமாற்றும். உதட்டின் கோலம் செடிக்குச் செடி மாறும், கலப்பும் நடக்கும். அந்தக் கோலங்களை நெருங்கிப் பார்த்து முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். மரபணுவைப் பார்த்து ஒன்பது இனங்களே என்று 2018-இல் எழுதிய ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஒரே பூவின் ஒரே படம், இரண்டு கணக்கு. இங்கே தடுமாறுவது கேமரா அல்ல. இனம் என்பதற்கு நாம் வைத்திருக்கும் பொருளே தெளிவாக இல்லை. டாக்டிலோரைசாவில் ஒற்றைச் செடியைப் பார்த்துப் பெயர் சொல்லாதே, கூட்டத்தைப் பார் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். எபிபாக்டிஸில் தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் இனங்களைப் பிரிக்க, தூண் நுனியில் பிசின் உருண்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். அதுவும் புதிதாகத் திறந்த பூவில் பார்க்க வேண்டும், பழைய பூவில் பூச்சி அதைக் கொண்டுபோயிருக்கலாம்.

இப்போது எல்லாரும் செயலியிடம் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். வாண்டாவையும் ரிங்கோஸ்டைலிஸையும் அது உடனே சொல்லிவிடுகிறது, ஏனென்றால் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. அரிய இனத்துக்கு அதனிடம் பத்துப் படம்கூட இருக்காது. அப்போது தனக்குத் தெரிந்ததில் மிக நெருங்கிய ஒன்றின் பெயரைச் சொல்லிவிடும், தயக்கமே இல்லாமல். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒபரோனியாவுக்கு இமயமலை இனத்தின் பெயர் ஒட்டிக்கொள்வது இப்படித்தான். இன்னொருவர் அதைப் பார்த்து ஆமோதிக்க, பெயர் கெட்டியாகிவிடும், அடுத்த முறை செயலி அந்தத் தவற்றிலிருந்தே படிக்கும். செயலி தரும் பேரினப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். இனப் பெயரை ஒரு யோசனையாக வைத்துக்கொண்டு நூலைத் திறக்க வேண்டும்.

பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதை நம் ஊரில் தோல்வியாக நினைக்கிறார்கள். ஒரு படத்துக்கு ஹேபனேரியா என்று மட்டும் எழுதி வைப்பது நேர்மையான முடிவு. பின்னால் வருபவர் அதை நம்பி மேலே போகலாம். தவறான இனப் பெயரை எழுதி வைத்தால் அடுத்தவர் அதைத் திருத்துவதற்கே பாதி வாழ்நாளைக் கொடுக்க வேண்டியிருக்கும். புதிய இனம் என்று அறிவிப்பதற்கோ படம் போதவே போதாது. 2007 முதல் தாவரப் பெயரிடல் விதிப்படி ஆர்க்கிட் போன்ற செடிகளுக்கு மூல மாதிரி உலர்த்திய அல்லது பதப்படுத்திய செடியாகவே இருக்க வேண்டும். அந்த மாதிரியை எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே பூவைப் பறிக்காமல், செடியைத் தொடாமல் நாம் செய்யக்கூடிய நல்ல வேலை முழுமையான படத்தொகுப்பு எடுப்பதுதான்: முகம், பக்கம், முதுகு, ஒட்டிய தூண், சரம் முழுதும், இலையும் அடியும், நிற்கும் இடம். பக்கத்தில் ஒரு அளவுகோல், அது இல்லாவிட்டால் ஒரு ரூபாய் நாணயம்.

நிற்கும் இடம் என்று சொன்னதும் எனக்குள் ஒரு நெருடல் வருகிறது. பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலின் முதல் இணைப்பில் இருக்கிறது. மற்ற ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் இரண்டாம் இணைப்பில். செடியைப் பிடுங்குபவர்களும் இந்தப் பட்டியலைப் படிக்கிறார்கள். போனில் எடுத்த படத்துக்குள் இடத்தின் ஆயத்தொலைவு பதிந்திருக்கும், படத்தை அனுப்பும்போது அதுவும் போகலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தைத் தாமாகவே மறைத்துக் காட்டுகின்றன. நாமும் மறைக்க வேண்டும். ஓர் ஆர்க்கிட் விதையில் முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு கிடையாது. பொடிபோன்ற அந்த விதை மண்ணில் அல்லது மரப்பட்டையில் சரியான பூஞ்சையைச் சந்தித்தால்தான் முளைக்கும், பூக்கப் பல வருடம் ஆகும். நல்ல கோணத்துக்காகப் படுத்துப் புரண்டு நாம் நசுக்கும் புல்லுக்கடியில் பூக்காத கன்றுகள் இருக்கும். பின்னணியை இருட்டாக்குவதற்காகச் சுற்றியிருக்கும் செடிகளைப் பிடுங்கி எறிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைத்துக்கொள்ளத் தெரியாது.

மாணவி அடுத்த வாரமே மறுபடி போனார். அந்த இடத்தில் மாடு மேய்ந்திருந்தது. அவருடைய வெள்ளைப் பூ என் கோப்பில் இன்னும் பெயரில்லாமல்தான் இருக்கிறது.

இன்னொரு பூவுக்குப் பெயர் கிடைத்தது. கொல்லிமலையில் சித்திரை கடைசியில், முதல் மழை பெய்து நாலைந்து நாள் கழித்து, சருகுக்குள்ளிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தண்டு எழும்பியிருந்தது. உச்சியில் இரண்டு பூக்கள், தலை கவிழ்ந்து. இலை ஒன்றுகூட இல்லை. நெர்விலியா என்று தெரிந்தது. இந்தப் பேரினத்தில் பூவும் இலையும் ஒரே சமயத்தில் வருவதில்லை. மலையாளத்தில் ஓரிலத்தாமர என்று சில இனங்களை அழைப்பதுபோல், பூ போன பிறகு ஒற்றை இலை வரும், இனத்தைச் சொல்வதில் அந்த இலைக்குப் பெரும் பங்கு. முகம், பக்கம், முதுகு எல்லாம் எடுத்துக்கொண்டேன். என்னோடு வந்த அந்த ஊர்ப் பெரியவர் பக்கத்தில் மூன்று கல்லை அடுக்கினார். "ஆடியில வாங்க தம்பி, எலை வந்திருக்கும்" என்றார்.

ஆடியில் போனேன். கற்கள் அப்படியே இருந்தன. நடுவே ஓர் இலை, உள்ளங்கை அகலம், விசிறிபோல் மடிப்பு மடிப்பாக, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு. "பூவுக்கும் எலைக்கும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. அது போனாத்தான் இது வரும்" என்றார் பெரியவர். மண்டி போட்டு இலையைப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, மூன்று மாத இடைவெளியில் எடுத்த படங்களை ஒரே கோப்பில் சேர்த்து, நெர்விலியா பிளிகேட்டா என்று எழுதி வைத்தேன்.